எருமை நடித்த படம்

"வாயை இன்னும் கொஞ்சம் திறங்க," என்றார் பல் டாக்டர். "அந்தப் பேய்ப் படத்தைப் பத்தி என் அபிப்பிராயம் என்னன்னா, பேய்க்குப் பல்வரிசை பிரமாதம். செத்த பிறகும் ஆறு மாசத்துக்கு ஒரு தரம் கிளீனிங் பண்ணிக்குது போல."

நாற்காலியில் சாய்ந்திருந்த பிலிம் கிளப் தலைவர் சிரிக்கவில்லை. வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"டாக்டர், இது நேத்து பேப்பர்ல வந்தது."

"எது?"

"பேய், பல்வரிசை, கிளீனிங், எல்லாம். 'கடைசி வரிசை'ங்கற பேர்ல ஒருத்தர் விமர்சனம் எழுதறாரே, அதுல. போன வாரம் போலீஸ் படத்துக்கு என்ன சொன்னீங்க?"

"வில்லன் உயிர் போறதுக்குள்ள ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிடலாம்னு."

"அதுவும் வந்தது."

டாக்டர் திகைத்துப் போனார். அடுத்தவர் விமர்சனத்தைப் படித்தால் சொந்த ரசனை கெட்டுவிடும் என்று பேப்பரின் சினிமாப் பக்கத்தை அவர் தொடுவதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போய்ப் படம் பார்ப்பார். திங்கட்கிழமையிலிருந்து, வாயைத் திறந்து வைத்திருக்கிற எல்லோருக்கும் அதைப் பற்றிச் சொல்வார்.

மாதக் கடைசியில் கிளப்பில் அவர் பேசுவதாக இருந்தது. 'இந்த மாதம் பார்த்த படங்கள்: என் பார்வை' என்று தலைப்பு. மயக்க ஊசி போடாமலே உட்கார்ந்து கேட்கப் போகிற கூட்டம் அவருக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"'என் பார்வை'ன்னு நோட்டீஸ் அடிச்சாச்சு," என்றார் தலைவர். "இப்படியே பேசினா, எவன் பார்வைன்னு கேப்பாங்க."

அவர் போனதும் டாக்டர் முன்னறைக்கு வந்தார். அங்கே மேஜையில் அவர் மனைவி உட்கார்ந்து நோயாளிகளுக்கு நேரம் குறித்துக்கொண்டிருந்தாள். இரண்டு அறைக்கும் நடுவே ஒரு பிளைவுட் தடுப்புதான்.

"என் கருத்தை எவனோ திருடறான்," என்றார்.

"உங்க கருத்தையா?" என்றாள் அவள். "பாவம், அவனுக்கு என்ன கஷ்டமோ."

"விளையாடாதே. திங்கக்கிழமை முதல் ஆளா வர்றது யாரு?"

"தலையாட்டி."

ரூட் கெனாலுக்காக வாராவாரம் வருகிற ஒல்லியான மனிதர். டாக்டர் எது சொன்னாலும் தலையாட்டுவார் என்பதால் அந்தப் பெயர். மற்றவர்கள் கதையைச் சொல்லாதீர்கள் என்று கையைக் காலை உதைப்பார்கள். இவர் மட்டும்தான் ரசித்துக் கேட்பார்.

"எனக்கும் அவர் மேல ஒரு கண்ணு," என்றாள் மனைவி. "மொகத்தைப் பாத்தாலே எழுதற மொகமா இருக்கு."

அந்த ஞாயிறு டாக்டர் ஒரு காதல் படம் பார்த்தார். மனதை உருக்கிவிட்டது. கைக்குட்டை நனைந்துவிட்டது. இந்தக் கருத்தையாவது கிளப்புக்குக் காப்பாற்றி வைக்க வேண்டும் என்று, திங்கட்கிழமை தலையாட்டியிடம் நேர்மாறாகச் சொன்னார்.

"காதலனுக்கு மூளை இல்லை, காதலிக்கு வேலை இல்லை. ரெண்டு பேரும் சேர்ந்தா என்ன, சேராட்டி நமக்கென்ன?"

தலையாட்டி தலையாட்டினார். உண்மையான கருத்தை டாக்டர் கிளப் தலைவருக்கு மட்டும் போனில் ரகசியமாகச் சொன்னார். தலைவர் அதை நம்பி மாமியார் உட்பட மொத்தக் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு படத்துக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை காலையில் போன் வந்தது.

"'ரெண்டு பேரும் சேர்ந்தா என்ன, சேராட்டி நமக்கென்ன'ன்னு பேப்பர்ல போட்டிருக்கான். எவ்வளவு சரியா சொல்லியிருக்கான் பாருங்க," என்றார் தலைவர். "என் மாமியார் இன்னும் என்கிட்ட பேசல. அதுல வருத்தமில்லை. ஆனா உங்க சொந்த ரசனை எப்படிப்பட்டதுன்னு இப்ப தெரிஞ்சு போச்சு டாக்டர். கூட்டத்தைப் பத்தி யோசிக்கணும்."

கருத்து ஒத்துப்போனால் திருட்டு, ஒத்துப்போகாவிட்டால் ரசனை இல்லை. டாக்டருக்குச் சோறு இறங்கவில்லை. கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவு செய்தார். மனைவியிடம் கூடச் சொல்லவில்லை. அவள் வாயில் எதுவும் நிற்காது என்பது அவர் எண்ணம்.

அடுத்த ஞாயிறு படத்துக்குப் போகிறேன் என்று கிளம்பிப் பூங்கா பெஞ்சில் போய்ப் படுத்துத் தூங்கினார். திரும்பும் வழியில் போஸ்டரை மட்டும் பார்த்தார். ஹீரோ கழுத்தளவு தண்ணீரில் நின்றான்.

"படத்துல நடிச்சிருக்கறது ஒரே ஒரு ஜீவன்," என்று திங்கட்கிழமை தலையாட்டியின் வாய்க்குள் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஹீரோவோட எருமை. இடைவேளைக்கு அப்புறம் அது கண்ணீர் விடற இடம் இருக்கே, தியேட்டரே விசும்புது."

வெள்ளிக்கிழமை 'கடைசி வரிசை' அரைப் பத்தி முழுக்க எருமையைப் புகழ்ந்திருந்தார். இந்த வருஷத்து விருதை அதற்குத்தான் கொடுக்க வேண்டுமாம்.

படம் முழுக்க ஒரு நீர்மூழ்கிக் கப்பலுக்குள் நடக்கிறது.

சனிக்கிழமை ஊரே சிரித்தது. திங்கட்கிழமை டாக்டர் கிளப் தலைவரைச் சாட்சிக்குக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, தலையாட்டியின் ஈறில் ஊசியைப் போட்டு, வாயில் பஞ்சை அடைத்தார்.

"பேப்பர்ல எழுதறது நீங்கதானே?"

தலையாட்டி தலையாட்டினார்.

"பாத்துக்கங்க," என்றார் டாக்டர் தலைவரிடம். "நான் சொன்னதையெல்லாம் திருடித்தானே எழுதினீங்க?"

அதற்கும் தலையாட்டினார்.

"இங்க வந்து பாரு, ஒத்துக்கிட்டார்," என்று டாக்டர் தடுப்புக்கு அந்தப் பக்கம் குரல் கொடுத்தார்.

"நீங்களே பாருங்க, நான் கொஞ்சம் கடைக்குப் போயிட்டு வந்துடறேன்," என்று மனைவியின் குரல் கேட்டது. பிறகு கதவுச் சத்தம்.

தலைவர் கொஞ்சம் விவரமான ஆள். நாற்காலி அருகே குனிந்தார். "சார், கப்பல்ல அழுத எருமை நீங்கதானா?"

தலையாட்டி அதே மரியாதையோடு தலையாட்டினார்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏதோ சரியில்லை என்று புரிந்து, தலையாட்டி பஞ்சைத் துப்பிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன மெஷினை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார்.

"மன்னிக்கணும் டாக்டர்," என்றார் மரத்துப்போன உதட்டோடு. "டிரில்லிங் சத்தம் தாங்காதுன்னு உள்ள வரும்போதே இதைக் கழட்டிடுவேன். நீங்க ஏதோ பேசறது தெரியும். தலையாட்டினா சீக்கிரம் முடிச்சு விட்டுடுவீங்களேன்னு ஆட்டுவேன். என்ன கேட்டீங்க?"

டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மாதம் முழுக்க ரசித்துக் கேட்ட ஒரே மனிதரும் கேட்கவில்லை.

"அப்போ யார்தான் எழுதறது?" என்றார் தலைவர்.

அந்த நேரம் பார்த்து, ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி பத்திரிகை ஆபீஸ் ஆள் ஒருவர் தடுப்பைத் தாண்டித் தலையை நீட்டினார்.

"சார், முன்னாடி மேஜையில உக்காந்திருப்பாங்களே, அந்த மேடம் எங்க? அந்த எருமையை எந்த சீன்ல பாத்தாங்கன்னு ஆசிரியர் கேட்டுட்டு வரச் சொன்னார்."