விமலேஸ்வரியின் பித்தப்பையும் புது ரோபோவும்

புளியங்குளம்.

அன்புள்ள மச்சான் கோகுலனுக்கு,

நீரும் மனைவி பிள்ளைகளும் கனடாக் குளிரில் சுகமாக இருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன். எங்களுடைய சுகத்தை நீர் போன் வழியாகக் கெடுத்துவிட்டீர் என்பதையும் பணிவுடன் அறியத்தருகிறேன்.

உமது அக்கா விமலேஸ்வரியின் பித்தப்பையில் கல் என்றதும் நான் வழமையான ஒப்பரேசனுக்கு நாள் எடுத்துவிட்டேன். நீர்தான், "அக்கா, இஞ்சை எல்லாம் இப்ப ரோபோதான், உங்கட ஆஸ்பத்திரிக்கும் வந்திருக்காம், கேட்டுப் பாருங்கோ" என்றீர். அவா கேட்டா. அந்த மெஷினுக்கு வயிற்றைக் கொடுக்கப்போகிற முதல் ஆள் தான்தான் என்று தெரிந்ததும், கலியாணத்துக்குச் சொல்வதுபோல வீடு வீடாகப் போய்ச் சொன்னா.

ஒப்பரேசன் அன்று தியேட்டர் வாசலில் டாக்குத்தர் ஜெயந்தனை மறித்தேன். "இது தன்ரபாட்டில வெட்டுமோ?" "இல்லை ஐயா, நான் மூலையில இருந்து கையை அசைப்பன், அது உள்ளுக்கை வேலை செய்யும்." "அப்ப பக்கத்தில நிண்டே செய்யலாமே?" "அதின்ர கை நடுங்காது ஐயா." "அப்ப உங்கட கை நடுங்குமோ?" அவர் வாய் திறக்குமுன், தள்ளுவண்டியில் கிடந்த உமது அக்கா, "மானத்தை வாங்காமல் போய் இருங்கோப்பா" என்றா. போய் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு நேர்ஸ் பிள்ளை ஓடிவந்து, "மெஷின் நிண்டிட்டுது, இஞ்சினியருக்குப் போன் அடியுங்கோ" என்று மற்றவளுக்குச் சொன்னது காதில் விழுந்தது. மச்சான், இடம்பெயர்ந்து திரிந்தபோது தறப்பாள் கூடாரத்துக்குள்தான் மகள் பிரஷாந்தினி பிறந்தாள், வெளியே ஷெல் விழுந்தது, அப்பகூட நான் இப்பிடிப் பயப்படேல்லை. அப்ப ஒரு மனிசரையாவது கூப்பிடலாம். ரோபோ நிண்டால் ஆரைக் கூப்பிடுறது? கதவில் அடித்து, "என்ர மனிசியைத் தாங்கோ, கல்லோடயே கொண்டுபோறன்!" என்று கத்தினேன். வாசல் காவலாளி வந்து என்னைக் கட்டிப்பிடித்துக் கதிரையில் இருத்தினான்.

பிறகு ஜெயந்தன் வேர்க்க விறுவிறுக்க வந்து, "ஒரு கை இறுகினது ஐயா, கழட்டிப் பூட்டி முடிச்சிட்டம், அம்மா நல்ல சுகம்" என்றார். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். அதை அக்காவுக்குச் சொல்லிப்போடாதையும்.

சுகமாகி வந்த பிறகுதான் எனக்குக் கரைச்சல். பக்கத்து வீட்டுச் சுப்பம்மா பார்க்க வந்து, "காயத்தைக் காட்டு பாப்பம்" என்றா. காட்டினால், "இவ்வளவுதானோ? நுளம்பு கடிச்ச மாதிரிக் கிடக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டா. அன்றிலிருந்து, நடந்தது பெரிய ஒப்பரேசன் என்று ஊருக்குக் காட்டுவதற்காக உமது அக்கா கதிரையை விட்டு எழும்புகிறா இல்லை. குசினியும் சமையலும் என் தலையில். நான் வைத்த சொதியை ஒரு வாய் குடித்துவிட்டு, "ரோபோ வைச்சிருந்தால் இதைவிட நல்லாய் இருக்கும்" என்கிறா. ஆகவே இனிமேல் மெஷின் கதை ஒன்றும் எங்களுக்குச் சொல்லவேண்டாம். என் உயிர் உள்ளவரை அந்தச் சாமானுக்குக் கிட்டவும் போகமாட்டேன்.

உமது வீட்டில் எல்லாரும் நோய் நொடியின்றி, முக்கியமாக வயிற்று நோயின்றி, நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
அத்தான் சின்னராசா

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் நெல்மூட்டை தூக்கப்போய் எனக்குக் குடல் இறங்கிவிட்டது. சின்ன வேலைதான், இந்தக் கிழமையே கையால் செய்துவிடலாம் என்கிறார் ஜெயந்தன். மனிசிக்கு ரோபோ, எனக்கு வெறுங்கையோ? ஊரில் தலை காட்டேலுமோ? மேலே எழுதினதை விட்டுவிட்டு, உடனே அவருக்குப் போன் எடுத்து எனக்காக ஒரு வார்த்தை கதையும்.