உட்காரத் தெரியாதவரின் கசகசா பாயசம்

நாற்காலி என்ற பொருள் எதற்காகச் செய்யப்பட்டது என்பதே தெரியாமல் வாழ்ந்த மனிதர் இந்தத் தாம்பரம் வட்டாரத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் க்யூசி சார். செய்தித்தாளை நடந்துகொண்டே படிப்பார். சாப்பாடு நின்றுகொண்டு. சலூனில் அவரை உட்கார வைக்க முடியாமல், முடிவெட்டுகிறவர் கத்தரிக்கோலோடு அவரைச் சுற்றிச் சுற்றி வந்ததாகப் பெருங்களத்தூரில் ஒரு பேச்சு உண்டு. நான் நம்புகிறேன்.

சொந்தப் பெயர் ஏதோ இருந்தது, கொரியர்காரருக்குத் தெரிந்திருக்கலாம். திருமுடிவாக்கத்தில், நட்டு போல்ட்டுக்குப் போடும் வாஷர் அடிக்கிற ஒரு சின்னக் கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் தரம் பார்க்கிற ‘க்யூசி’ வேலை. தேறாத பெட்டிக்குச் சிவப்பு அட்டை, தேறிய பெட்டிக்குப் பச்சை அட்டை. ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டு அனுப்பினார்கள். மனிதர் மாலையோடு மிச்சமிருந்த அட்டைக் கட்டையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். மறுநாளே எங்கள் அடுக்குமாடி லிஃப்டில் ஒரு சிவப்பு அட்டை தொங்கியது. காய்கறி வண்டியின் முருங்கைக்காய்க் கட்டில் இன்னொன்று. வண்டிக்காரர் இரண்டு வாரம் எங்கள் தெருப்பக்கமே வரவில்லை.

இப்படிப்பட்டவரின் மனைவி, மகள் பிரசவத்துக்காக ஓசூர் போனார். சமையலறை சாரின் கைக்கு வந்தது.

“இந்த பிளாக்குல ஒருத்தர் மூஞ்சியிலயும் தூக்கமே இல்ல தம்பி. அல்லாருக்கும் நான் பண்றேன் பாரு!” என்றார். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஆறரைக்கு வீட்டுக்கு வீடு ஒரு டம்ளர் பாயசம். சாமையைக் குழைய வேகவைத்து, ஊறவைத்த கசகசாவையும் நாலு பாதாமையும் மையாக அரைத்து ஊற்றி, பாலும் பனங்கற்கண்டும் சேர்த்து, கடைசியில் ஜாதிக்காய்த் தூள் ஒரே ஒரு சிட்டிகை. டம்ளரின் கழுத்தில் ரப்பர் பேண்டு போட்டு ஒரு சீட்டு: பேட்ச் நம்பர், இறக்கிய நேரம். ஏழு மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும். அதற்கப்புறம் போனைத் தொடக் கூடாது.

அதோடு விட்டாரா? காலை ஆறு மணிக்கு மணியடிப்பார். “தூக்கம் இன்னா ரிசல்ட்டு?”

கீழ்வீட்டு டீச்சரம்மா ஒரே டம்ளரில் தேறிவிட்டார். முதல் மாடியில் இருக்கும் சர்ச் பாட்டுக்குழு அண்ணன், ஞாயிற்றுக்கிழமை பாட்டுக்கே போகாமல் பத்து மணி வரை தூங்கினார். பாதிரியார் போன் செய்து விசாரித்தாராம். ஒரு வாரத்தில் எல்லார் வீட்டுக் கதவிலும் பச்சை அட்டை ஆடியது. என் வீட்டுக் கதவில் மட்டும் சிவப்பு.

என் கதையே வேறு. சிறுசேரியில் வேலை. நாலு மாதமாகப் பொட்டுத் தூக்கமில்லை. படுத்தால் புரளுவேன், எழுந்து நடப்பேன், தண்ணீர் குடிப்பேன், மறுபடி படுப்பேன். ஒருநாள் பெருங்களத்தூர் சிக்னலில் பைக்கை நிறுத்தியவன் அப்படியே கண்ணை மூடிவிட்டேன். பச்சை விழுந்து போய், பின்னால் நின்ற பஸ் டிரைவர் இறங்கி வந்து தோளைத் தட்டி எழுப்பினார். பின்சீட்டில் இருந்தது என் மனைவி சுமதி. வீட்டுக்கு வந்ததும் பைக் சாவியைப் பிடுங்கிக்கொண்டாள்.

“நீங்க ஒழுங்கா தூங்கினாத்தான் சாவி. அதுவும் உங்க பேச்சை நம்ப மாட்டேன். க்யூசி சார் பச்சை அட்டை குடுக்கணும்.”

அடிப்பாவி, போயும் போயும் அவரிடமா! இரண்டு பஸ் மாறி ஆபீஸ் போய் இடுப்பு ஒடிந்த ஏழாவது நாள், நான் பொய் சொல்லத் துணிந்தேன்.

“சூப்பர் தூக்கம் சார்! அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன்.”

“அப்படியா? ரொம்ப சந்தோஷம்” என்று பச்சை அட்டையை எடுத்தார். எழுதிக்கொண்டே, “மூணு மணிக்கு இன்னா மழை, இல்ல தம்பி?”

“மழையா? ஒரு சொட்டுகூட விழலையே சார்!” என்றேன் நான், உண்மை விளம்பியாக.

சார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பச்சை அட்டை சட்டைப் பைக்குள் போனது. சிவப்பு வெளியே வந்தது. சுமதி உள்ளேயிருந்து சிரித்தது எனக்கு நன்றாகக் கேட்டது.

ஆனால் சார் சிரிக்கவில்லை. அவர் முகம் வாடிவிட்டது. “தப்பு உங்க மேல இல்ல தம்பி. பாயசத்துல எங்கியோ தப்பு கீது. சாயங்காலம் வாங்க, உங்க எதிர்லயே பண்றேன்.”

போனேன். சமையலறையில் ஒரு மர பெஞ்ச். நான் உட்கார்ந்தேன். சார் அடுப்புக்கும் அலமாரிக்குமாகப் பம்பரமாய்ச் சுற்றினார். பாலை ஊற்றினார், சிம்மில் வைத்தார், கிண்டினார், கடிகாரம் பார்த்தார், மறுபடி கிண்டினார். எனக்குத் தலையே சுற்றியது.

“சார், உங்களுக்குப் புண்ணியமாப் போவும். ஒரே ஒரு நிமிஷம் உட்காருங்களேன்!”

என்ன நினைத்தாரோ, உட்கார்ந்தார். பெஞ்சின் நுனியில், என் பக்கத்தில். பேச என்ன இருக்கிறது? வாஷரில் வரக்கூடிய கோளாறுகளைச் சொல்ல ஆரம்பித்தார். ஓரத்தில் பிசிறு. நடுவில் விரிசல். ஓட்டை ஒருபக்கமாகத் தள்ளிப் போவது. தடிமன் குறைவு... ஐந்தாவது கோளாறு என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மீதியைச் சுமதி சொல்லித்தான் கேட்டேன். தீய்ந்த வாடை மாடியில் எங்கள் வீடுவரை வர, பதறிக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள். என் தலை சாரின் தோளில். சார் சிலையாக உட்கார்ந்திருக்கிறார். அடுப்பு கைக்கு எட்டாத தூரத்தில். எழுந்தால் நான் சரிந்துவிடுவேன். பாயசம் கண்ணெதிரே அடிப்பிடித்துக்கொண்டிருக்கிறது. அவளைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்து, கண்ணாலேயே அடுப்பைக் காட்டினாராம். அவள் அணைத்துவிட்டு, “நான் எழுப்பிக் கூட்டிட்டுப் போறேன் சார்” என்று கிசுகிசுத்ததற்கு, அடிக்கிற மாதிரி முறைத்தாராம்.

நான் கண் விழித்தபோது ராத்திரி மணி எட்டே முக்கால். நாலு மாதத்தில் முதல் நல்ல தூக்கம். என் சட்டைப் பொத்தானில் பச்சை அட்டை. ‘ஆரம்பம் 6.40, முடிவு’ என்று எழுதி, முடிவுக்கு எதிரே இடம் விட்டிருந்தது. சுமதி சாவியை என் கையில் வைத்தாள்.

பாயசப் பாத்திரத்தில் சிவப்பு அட்டை. நான் பாயசத்தை ஒரு டம்ளரில் வழிக்கப் போனேன்.

“ஐயோ வாணாம் தம்பி! அது ரிஜெக்ட்டு.”

“எனக்கு வேணும் சார்.”

முப்பத்தொரு வருஷத்தில் ஒரு சிவப்பு அட்டைப் பொருளைக்கூட வெளியே விடாத மனிதர், பார்க்காதவர்போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். தீய்ந்த பாயசம்தான். வழித்து வழித்துச் சாப்பிட்டேன்.

சார் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. இரண்டு காலும் மரத்துப் போயிருந்தன. “உக்காந்து பழக்கமில்ல தம்பி, அதான்” என்றார், ஏதோ தப்புச் செய்தவர்போல. நான் அவர் காலைப் பிடித்துவிட உட்கார்ந்தேன். விடச் சொன்னார், விடவில்லை.