சர்வர் சித்தரின் பச்சை எழுத்து

வண்ணார்பேட்டையில் அந்த மாதம் ஜவுளிக்கடைத் தள்ளுபடிக்குக்கூட அவ்வளவு கூட்டம் இல்லை. சர்வர் சித்தர் தங்கியிருந்த விடுதி வாசலில் ஆட்கள் லேப்டாப்பையும் ஹார்டு டிஸ்கையும் கைக்குழந்தைபோல மாரோடு அணைத்துக்கொண்டு நின்றார்கள். நகைக்கடைக்காரர், அரிசி மண்டிக்காரர், பொறியியல் கல்லூரித் தாளாளர். கம்ப்யூட்டர் பாடம் நடத்தும் பேராசிரியர் ஒருவரும் முகக்கவசத்தோடு நின்றார். தூசிக்காக அல்ல, மாணவர்கள் கண்டுகொள்ளக் கூடாதே என்றுதான்.

சித்தருக்குக் காவி ஜிப்பா, காதில் புளூடூத், கையில் ருத்திராட்சம். பழுதான சர்வரை, அதாவது ஓர் அலுவலகத்தின் விவரமெல்லாம் வைத்திருக்கும் கம்ப்யூட்டரை, தொட்டுக் கண்ணை மூடினால் அதன் முற்பிறவி தெரியுமாம், பழுதும் தீருமாம். இந்துவுக்கு எலுமிச்சை, கிறிஸ்தவருக்கு ஜெபித்த எண்ணெய், முஸ்லிமுக்கு ஊதுபத்தி. மத நல்லிணக்கத்தை அவரிடம்தான் கற்க வேண்டும். எந்த மதத்தாரையும் அவர் விட்டுவைத்ததில்லை. முன்பு பேருந்து நிலையத்தில் செல்போன் உறை விற்றவர் என்று சிலர் சொன்னார்கள். பொறாமைக்காரர்கள்.

அப்பேர்ப்பட்டவர் பாளையங்கோட்டையில் டாக்டர் பாலாம்பாளின் டயாலிசிஸ் நிலையத்துக்கும் எழுந்தருளினார். அழைத்துவந்தவர் மேலாளர் சிவசண்முகம். காரணம், பேக்கப். யாருக்கு என்ன ரத்த வகை, யாருக்கு எந்த மருந்து ஆகாது என்று நோயாளிகளின் விவரமெல்லாம் ஒரே சர்வரில் இருந்தது. அது படுத்துவிட்டால் எல்லாம் போச்சு. அதனால் தினமும் மதியம் ஒரு நகல் எடுப்பார்கள். சென்னையிலிருந்து ஆட்கள் வந்து சர்வரைப் புதுப்பித்துவிட்டுப் போன நாள் முதல் நகல் எடுக்க முடியவில்லை.

அந்த சர்வருக்குப் பொறுப்பு எப்சி. பழுது தெரிந்ததும் லாக்கைப் பார்க்க உட்கார்ந்தாள். தன்னால் எது முடிந்தது, எது முடியவில்லை என்று சர்வர் தானே எழுதிவைக்கும் குறிப்புக்குத்தான் லாக் என்று பெயர். இரண்டு வரி படிப்பதற்குள் சிவசண்முகம் ஓடிவந்தார்.

“எம்மா எப்சி, அதத் தொடாத. சித்தர் வாராரு.”

“எந்தச் சித்தர் அண்ணாச்சி? பொதிகை மலையில இருந்தா?”

“கேலி பேசாத. வாய் வெந்துரும்.”

சித்தர் வந்தார். அறையைச் சுற்றினார். மூக்கை உறிஞ்சினார். “கன்னி மூலையில ஒரு பெண் ரூபம் உட்காருது. அதான் நகல் தங்க மாட்டேங்குது” என்றார். கன்னி மூலையில் இருந்தது எப்சியின் நாற்காலி. அன்றே அது ஜெனரேட்டர் பக்கத்துக்குக் குடிபெயர்ந்தது. பிறகு எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுச் சித்தர் கதவைச் சாத்தினார். ரகசிய பூஜை. கதவு திறந்தபோது திரையில் பச்சை எழுத்து பளபளத்தது: ‘பேக்கப் வெற்றி’. சிவசண்முகம் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“ஒரு மண்டலம் யாரும் கீபோர்டத் தொடக் கூடாது. லாக்க மட்டும் பாத்துராதீங்க. பாத்தா தோஷம் திரும்பிரும்.”

அறைச் சாவி சிவசண்முகத்தின் இடுப்புக்கு ஏறியது. எப்சி ஜெனரேட்டர் புகையில் இருமிக்கொண்டு வேலை பார்த்தாள். போகிற வருகிறவர்கள் அவளைப் பார்த்த பார்வை, நகலையே அவள்தான் தின்றுவிட்டாள் என்பதுபோல் இருந்தது. வீட்டில் அவள் கணவன் கிங்ஸ்டன், “சம்பளம் வருதுல்லா? பேசாம இரி” என்றான். பேசாமல் இருக்கத்தான் அவளும் பார்த்தாள்.

ஒரு மதியம் சர்வர் அறையின் கண்ணாடிக் கதவைத் தாண்டிப் போகையில் பேக்கப் தானாகத் தொடங்குவதைப் பார்த்து நின்றாள். ஒரு தும்மல் போடுவதற்குள் பச்சை எழுத்து வந்துவிட்டது. முன்பெல்லாம் பேக்கப் தொடங்கியதும் போய்ச் சாப்பிட்டு, டிபன் பாக்ஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாலும் அது ஓடிக்கொண்டிருக்கும்.

“அண்ணாச்சி, இவ்வளவு வேகமா நகல் எடுக்கணும்னா, எடுக்காமதான் இருக்கணும்.”

“அதுதாம்மா அருள்!” என்றார் சிவசண்முகம்.

எப்சி நேரே டாக்டரிடம் போனாள். “நகல் இருக்குன்னு திரை சொல்லுது, டாக்டர். இருக்கான்னு நான் பாக்கேன். காலி கம்ப்யூட்டர் ஒண்ணு குடுங்க, போதும்.”

“சாமி கோச்சுப்பார்னு சிவசண்முகம் பயப்படறாரே?”

“ரத்தத்த டெஸ்ட் பண்ணுனா யாராவது கோவிச்சுக்கிடுவாங்களா டாக்டர்?”

பாலாம்பாள் பேனாவை மூடினார். “நாளைக்கு அவருக்கு இங்கே பாராட்டாம். அவர் எதிர்லேயே பண்ணு.”

மறுநாள் காலை வரவேற்புக் கூடம் நிரம்பி வழிந்தது. வண்ணார்பேட்டைக் கூட்டத்தில் பாதி அங்கே இருந்தது. சம்பங்கி மாலையோடு சித்தர் நடுநாயகமாக வீற்றிருந்தார். எப்சி ஒரு காலி கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

“சாமி எடுத்துக் குடுத்த நகல இதுல ஏத்திக் காட்டுதேன். எல்லாருக்கும் தரிசனம் கிடைக்கட்டும்.”

உருண்டுகொண்டிருந்த ருத்திராட்சம் நின்றது. “நகல் சூட்சும ரூபத்துல இருக்கும்மா. ஊனக் கண்ணால பாக்கக் கூடாது.”

டயாலிசிஸுக்குக் காத்திருந்த இசக்கித்தாய் கையில் போட்ட கட்டோடு எழுந்தாள். “சாமி, போன தடவ ஒரு ஊசி போட்டதுல எனக்கு உடம்பெல்லாம் தடிச்சுப்போச்சு. அந்த மருந்துப் பேரு என் வாயில நுழையாது. இங்கனதான் எழுதி வச்சிருக்காவ. நாளைக்கு இந்த மெஷினு படுத்துட்டா, அதச் சூட்சுமத்துல தேடியா எனக்கு ஊசி போடுவாவ?”

டாக்டர் சிவசண்முகத்திடம் கைநீட்டிச் சாவியை வாங்கினார். “திற, எப்சி.”

கூடத்தை ஒட்டியிருந்த சர்வர் அறை திறந்தது. திரையில் நகல் கோப்புகள் வரிசையாகத் தெரிந்தன. அத்தனையின் அளவும் பூஜ்யம்.

“பூஜ்யம்னா பூஜிக்கத் தக்கது!” என்றார் சித்தர். இரண்டு பேர் கும்பிடவும் செய்தார்கள்.

எப்சி பேக்கப் கட்டளையைத் திறந்தாள். பழைய கட்டளை ஓரங்கட்டப்பட்டிருந்தது. அதன் இடத்தில் ஒரே வரி. ‘பேக்கப் வெற்றி’ என்று பச்சையில் எழுது, அவ்வளவுதான். “இதுதான் ரகசிய பூஜை. எழுதச் சொன்னத எழுதுது. வேற ஒண்ணும் செய்யல” என்றாள். பழைய கட்டளையை ஓட்டினாள். நின்றது. லாக்கைத் திறந்தாள். தோஷம் எதுவும் பாயவில்லை, விடைதான் கிடைத்தது.

“லைப்ரரி ஒண்ணு காணலங்குது.”

“லைப்ரரியா?” சிவசண்முகம் பதறினார். “நேத்துகூட அங்கன போயிப் பேப்பர் படிச்சேனே!”

“அது இல்ல அண்ணாச்சி. ஒரு வளவுல பத்து வீடு, பொதுவா ஒரு ஆட்டுரல்னு வச்சிக்கிடுங்க. பழசுன்னு யாரோ அதத் தூக்கிப் போட்டுட்டா, எந்த வீட்லயும் தோசை கிடையாது. அதுமாதிரி பல நிரலுக்கும் பொதுவான ஒரு கோப்பு. புதுப்பிக்க வந்தவங்க அதை எடுத்துட்டாங்க. பேக்கப்புக்கு அது வேணும்.”

அந்தக் கோப்பை மீண்டும் நிறுவிவிட்டு பேக்கப்பை ஓட்டினாள். இம்முறை அது அவசரப்படவில்லை. கூட்டம் டீ குடித்தது, வடை தின்றது, தங்கள் நகல்களை நினைத்து லேப்டாப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டது. ஒரு வழியாக முடிந்த நகலைக் காலி கம்ப்யூட்டரில் ஏற்றி, இசக்கித்தாயின் பெயரைத் தட்டினாள் எப்சி. பக்கம் திறந்தது.

“பென்சிலின்” என்று வாசித்தார் டாக்டர்.

“அதேதான்! பென்சிலு கணக்கா ஏதோன்னு எனக்கு ஞாபகம்” என்றாள் இசக்கித்தாய்.

எல்லோரும் சித்தரைத் திரும்பிப் பார்த்தார்கள். நாற்காலியில் மாலை மட்டும் உட்கார்ந்திருந்தது.

சிவசண்முகம் ஜெனரேட்டர் பக்கம் போய் எப்சியின் நாற்காலியைத் தானே தூக்கிவந்தார். அதற்குள் அரிசி மண்டிக்காரர் லேப்டாப்பை நீட்டிக்கொண்டு அவள் காலடியில் குனிந்துவிட்டார்.

“எம்மா, நீங்கதான் நெசமான சித்தர்! இதையும் ஒருக்கத் தொட்டுக் குடுங்க.”

எப்சி இரண்டடி பின்னால் நகர்ந்தாள். “எந்திரிங்க அண்ணாச்சி. தனக்கு எது குறைன்னு அந்த மெஷினே ஒளிக்காம எழுதி வச்சிருந்துச்சு. இத்தன பேரு படிச்சிருக்கோம், ஒருத்தரும் வாசிக்கல. இனிமே எதப் பாக்கக் கூடாதுன்னு ஒருத்தன் சொல்லுதானோ, மொதல்ல அதப் பாருங்க.”