சொட்டுக் காப்பியும் காரிலிருந்து இறங்காத அண்ணியும்

சொட்டுக் காப்பிக்காரர் என்றொரு இனம் நம் பக்கத்தில் புதிதாகத் தலையெடுத்திருக்கிறது, வாசகர்களே. நீங்கள் இன்னும் ஒருவரிடமும் அகப்படவில்லை என்றால் அது உங்களைப் பெற்றவர்கள் செய்த புண்ணியம்.

இவர்களை அடையாளம் காண்பது சுலபம். ஆயுளில் ஒரே ஒரு தடவை, அதுவும் நாலே நாள், வியட்நாமுக்குப் போய் வந்திருப்பார்கள். ஆனால் பேச்சை எடுத்தால் ‘நாங்க அங்க இருந்தப்ப’ என்றுதான் தொடங்குவார்கள். கேட்பவருக்கு, அங்கேயே பிறந்து வளர்ந்தவர் ஏதோ விதிவசத்தால் காரிமங்கலத்தில் வந்து விழுந்துவிட்டார் என்று கண் கலங்கும். வீட்டு ஷோகேஸில், பிள்ளைகள் பரிசாக வாங்கிய கோப்பைகளை ஓரம் தள்ளிவிட்டு, நடுநாயகமாக எவர்சில்வரில் ஒரு சின்னக் கிண்ணம் வீற்றிருக்கும். அடியில் ஊசித் துளைகள், தலையில் குல்லா போல மூடி. அதைக் கண்ணாடி டம்ளரின் வாயில் உட்கார வைத்து, பொடியைப் போட்டு, உள்தட்டால் அமுக்கி, கொஞ்சம் வெந்நீர் தெளித்து, பொடி ‘மூச்சு விடும்’ வரை தானும் மூச்சை அடக்கிக் காத்திருந்து, பிறகு மிச்ச வெந்நீரையும் ஊற்றி மூடிவிட்டு, உங்களுக்கு நேரெதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார்கள்.

அவ்வளவுதான். இனி உங்களுக்கு விடுதலை கிடையாது.

ஒரு சொட்டு விழும். அவர் உங்கள் முகத்தைப் பார்ப்பார். நீங்கள் பரவசப்பட வேண்டும். பரவசப்படாமல் மணி பார்த்துவிட்டால் போச்சு. ‘அவசரப்படுத்தக் கூடாதுங்க. காப்பி தானா நம்மகிட்ட வரணும்’ என்று ஒரு பிரசங்கம் கிளம்பும். அடுத்த சொட்டு, பிரசங்கம் முடிந்த பிறகுதான் விழும். அதற்கும் மரியாதை தெரியும் போலிருக்கிறது.

காரிமங்கலம் உரக்கடை தீர்த்தகிரி இந்த இனத்தில் முதல் வரிசை. உரம் அதிகம் விற்ற கடைக்காரர்களை ஒரு கம்பெனி வியட்நாமுக்கு அழைத்துப் போனது. மற்றவர்கள் தலைவலித் தைலம் வாங்கி வந்தார்கள். இவர் தலைவலியையே வாங்கி வந்தார். பக்கத்துக் கடை காஜா பாய், ‘டாக்டரு காப்பியே கூடாதுன்னுட்டாருங்க’ என்று டாக்டர் மேல் பழியைப் போட்டுவிட்டு, இவர் கண்ணில் படாமல் சந்தை வரை நடந்து போய்க் காப்பி குடித்துவிட்டு வருகிறார். ஊரார் இப்படித் தப்பித்துக்கொள்ளலாம். தாலி கட்டிக்கொண்டவள் எங்கே போவாள்?

கோகிலவாணியின் கதை அது. கொல்லையில் கறவை மாடு நிற்க, சொஸைட்டிக்குப் பால் ஊற்றும் வீட்டில், கணவன் கெட்டித் தித்திப்பாக டப்பாப் பால் வாங்கி வந்து டம்ளரின் அடியில் ஊற்றுவதைத் தினம் பார்த்துக்கொண்டிருக்கிற பேதை நெஞ்சம் அவளுடையது. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். அவள் பொறுக்க முடியாத துயரம் வேறு.

மூன்று வருடத்துக்கு முன், இந்தக் கிண்ணம் வருவதற்கும் முன்னால், கடத்தூரில் அவள் அண்ணன் அர்ச்சுனன் வீட்டு விசேஷத்தில், அண்ணி யுவராணி பாசத்தோடு நீட்டிய காப்பியை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, ‘சிக்கரி தூக்கலா இருக்குதும்மா’ என்று இவர் சபை நடுவே டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். மிச்சத்தைக் குடிக்கவில்லை. அண்ணி டம்ளரை எடுத்துப் போய் முற்றத்தில் ஊற்றினாள். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது. ஒரு வாய் காப்பி கூடப்பிறந்த பாசத்தை அறுக்குமா? அறுத்ததே!

இப்போது அண்ணன் மகள் கலைமதிக்குக் கல்யாணம். பத்திரிகை வைக்க அண்ணன் வருகிறான் என்று தெரிந்ததும் கோகிலவாணி ஈரத்தலையைக்கூடத் துவட்டாமல் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். கார் வந்தது. அண்ணன் இறங்கினான். அண்ணி இறங்கவில்லை.

கோகிலவாணி கார் ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள். “அண்ணி, உள்ள வாங்க.”

“பரவால்ல கோகிலா. தலவலிக்குது. உங்கண்ணன் வெச்சிட்டு வந்துருவாரு. நீ போ.”

பத்திரிகைத் தட்டைப் புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து நின்று நீட்டினால்தான் அது அழைப்பு. ஒற்றை ஆள் நீட்டினால் வெறும் தகவல். தகவல் கேட்டுப் போகிற கல்யாணத்தில் அத்தைக்கு என்ன இடம்? கடைசிப் பந்தியில் ஓர் இலை. அண்ணன் இப்படியே தட்டை நீட்டிவிட்டுப் போய்விட்டால் பிறந்த வீட்டுக் கதவு இனி எப்போது திறக்கும்? சட்டென்று கொல்லைப் பாலில் ஒரு காப்பி போட்டுத் தலைவலிக்கு என்று கையில் கொண்டுபோய்க் கொடுத்தால் அண்ணி இளகமாட்டாளா?

அடுப்படிக்கு ஓடினாள். அங்கே தீர்த்தகிரி நின்றிருந்தார்.

“நீ தள்ளு. மச்சானுக்கு நான் போடறேன்.”

“ஏங்க, உங்க கால்ல வேணாலும் வுழறேன். இன்னிக்கு ஒரு நாளு…”

“மூணு வருசம் கழிச்சி வந்திருக்காங்க. சாதாக் காப்பி குடுத்து அசிங்கப்படுத்தச் சொல்றியா?”

அவர் கெட்டவரல்ல, வாசகர்களே. இந்த இனத்தில் கெட்டவர்களே கிடையாது. அதுதான் கொடுமை. மனதார உபசரிக்க நினைக்கிறவனை எந்தச் சட்டத்தில் பிடிப்பீர்கள்?

அடியில் டப்பாப் பாலோடு கூடத்தில் டம்ளர் வந்து அமர்ந்தது. கிண்ணம் அமர்ந்தது. மச்சான் மேல் இருந்த அன்பை எல்லாம் சேர்த்துத் தீர்த்தகிரி பொடியை ஓர் அமுக்கு அதிகமாகவே அமுக்கினார். வெந்நீர் ஊற்றினார். மூடினார். சொட்டு வரவில்லை.

அர்ச்சுனன் பால் டப்பாவைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தான். “ஏன் மாப்ள, மாடு வத்திக்கிச்சா?”

“அதில்லைங்க மச்சான். நாங்க அங்க இருந்தப்ப…”

“தக்காளிக்கு நான் போட்ட சொட்டுநீர்க் குழாயும் இதேமாதிரிதான். இது அடைச்சிக்கிச்சி மாப்ள. ஊதி வுடுங்க.”

“ஊதக் கூடாதுங்க! தானா வரணும்.”

ஒரு சொட்டு விழுந்தது. இரண்டு ஆண்களும் குனிந்து பார்த்தார்கள். மூன்று வருடம் பேசாதவர்களுக்குப் பார்க்க ஒரு பொருள் கிடைத்தது நல்லதுதான். ஆனால் வெளியே சித்திரை வெயில் காரைப் பொரித்துக்கொண்டிருந்தது. டிரைவர் ஏசியை அணைத்துவிட்டு நிழல் தேடிப் போய்விட்டான். அண்ணன் மணி பார்த்தான். “தொப்பூரு வரைக்கும் வெக்க வேண்டியது கெடக்குது கோகிலா. காப்பி இன்னொரு நாளைக்கு ஆவட்டும். இந்தா, தட்ட வாங்கிக்க.” தனியாக எழுந்து, தனியாகத் தட்டைத் தூக்கினான்.

கோகிலவாணி கையை நீட்டவில்லை. நீட்டினால் எல்லாம் முடிந்தது. “ஒரே நிமிசம்ணா. வந்துரும்ணா” என்றாள். யார் அறிவார், அவள் சொன்னது காப்பியையா, அண்ணியையா? அந்தப் பாழாய்ப் போன கிண்ணத்தை இத்தனை நாள் சபித்த வாய், ‘இன்னும் மெதுவா சொட்டு, தாயே’ என்று அதையே வேண்டியது. அண்ணன் தங்கையின் முகத்தைப் பார்த்தான். மறுபடி உட்கார்ந்தான்.

சொட்டு. நெடுநேரம் கழித்து இன்னொரு சொட்டு.

கார்க் கதவு படாரென்று சாத்தப்பட்டது. வாசற்படியில் அண்ணி! கொண்டையோரம் வியர்வை வழிய, முகம் செக்கச்செவேலென்று, பத்ரகாளி போல நின்றாள்.

“ஏங்க, பத்திரிக வெக்க வந்தீங்களா, இங்கயே குடித்தனம் பண்ண வந்தீங்களா?” என்று கேட்டுக்கொண்டே வந்தவள், ஒரு டம்ளர் முன்னால் இரண்டு ஆண்கள் தலை கவிழ்ந்து மௌனமாக உட்கார்ந்திருப்பதைக் கண்டு திடுக்கிட்டாள். “ஐயையோ, யாருக்கு என்னா ஆச்சி?”

“காப்பி வருது” என்றான் அர்ச்சுனன்.

தீர்த்தகிரி முகமெல்லாம் மலர எழுந்தார். “வாம்மா தங்கச்சி. சரியான நேரத்துக்கு வந்த. மொத டம்ளரு உனக்குத்தான்.” கிண்ணத்தைத் தூக்கிவிட்டு, அடியில் கிடந்த டப்பாப் பாலைக் கலக்கி, இரண்டு கைகளாலும் நீட்டினார்.

அந்த ஒரு கணம்! அன்று கொடுத்தவள் இன்று வாங்குகிறவள். அன்று கீழே வைத்தவர் இன்று ஏந்தி நிற்கிறவர். அண்ணி ஒரு வாய் உறிஞ்சினாள். கசப்பும் திகட்டலும் ஒன்றாகத் தாக்கியதில் புருவம் நெரிந்தது. டம்ளர் மெல்லக் கீழே இறங்கியது. ‘தூக்கலா இருக்குதுங்க’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மூன்று வருடக் கணக்கு நேராகிவிடும். சபை காத்திருந்தது. கோகிலவாணி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

திறந்தபோது டம்ளர் காலி.

“நல்லாருக்குதுங்கண்ணா” என்று அண்ணி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். “ஏங்க, எந்திரிங்க. தட்ட எடுங்க.” புருஷனைப் பக்கத்தில் நிறுத்தி, தானும் ஒரு கை கொடுத்துப் பிடித்து, “கோகிலா, நீ முன்னாடியே வந்துரணும். பந்தக்கால் நடறப்ப அத்தக்காரி இல்லைன்னா எப்பிடி?” என்று தட்டை நீட்டினாள். கோகிலவாணி வாங்கினாள். பத்திரிகை மேல் ஒரு சொட்டு விழுந்தது. அது காப்பி அல்ல.

அண்ணி அத்தோடு நிறுத்தவில்லை.

“அண்ணா, ஒண்ணு சொல்லட்டுங்களா? கல்யாணத்துல காப்பி உங்க பொறுப்பு. வர்ற சனம் மொத்தத்துக்கும் இதே காப்பிதான் குடுக்கணும்.”

“யுவராணி!” என்று அலறினான் அர்ச்சுனன்.

தீர்த்தகிரி இரண்டு கைகளையும் கூப்பினார். தம் கலையை ஒரு ஜீவன் புரிந்துகொண்டுவிட்டது! “எத்தன பேரும்மா வருவாங்க?”

“ஆயிரம் பேருக்கு மேல வருவாங்கண்ணா.”

அவர் விட்டத்தைப் பார்த்து யோசித்தார். “அப்ப, முந்தின வாரமே ஆரம்பிச்சிரணும்.”

அண்ணி நாத்தனாரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அடுப்படிக்குள் ஓடினாள். உள்ளே இரண்டு பெண்களும் ஒருவர் தோளில் ஒருவர் முகம் புதைத்துச் சிரித்த சிரிப்பு கொல்லை மாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது. கூடத்தில் தீர்த்தகிரி, இரண்டாவது டம்ளருக்குப் பொடியை அமுக்கத் தொடங்கியிருந்தார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். அவர் பொடியை அமுக்கினாரே, அப்போது ‘அட, இவருக்குப் பக்குவம் தெரியலையே, நம்ம வீட்டுக்கு வந்தா காட்டலாமே’ என்று உங்கள் மனதில் லேசாக ஓர் எண்ணம் ஓடியதா? ஓடியது என்றால் நீங்களும் அந்த இனம்தான். தயவுசெய்து எழுந்து போய் வாசலை எட்டிப் பாருங்கள். யாரோ வெயிலில் காரிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.