மாடி அறை காலியில்லை என்று சொல்லிவிடுங்கள்

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. நான் இங்கே நலம் என்று எழுத ஆசைதான். ஆனால் முப்பத்தொரு வருடம் லிஃப்ட் ஆய்வாளராக இருந்து, பொய்யான அறிக்கையில் ஒரு தடவைகூடக் கையெழுத்துப் போடாதவன் என்பதால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். நீங்களும் அக்காவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் முழங்கால் வலியை அடுத்த கடிதத்தில் விசாரிக்கிறேன், இப்போது நேரமில்லை. நாலு மணிக்குச் சமையலறை வேன் ஊருக்குள் போகும். அதில் இந்தக் கடிதம் போனால்தான் நாளை மறுநாள் காலை உங்கள் கைக்கு வரும். அன்று மதியம் எங்கள் முகாம் பஸ் உங்கள் ஊர் நிறுத்தத்தில் நிற்கும்போது உங்கள் தங்கை பெட்டியோடு இறங்கிவிடுவாள். நான் இறங்கக்கூடாதாம். நீங்கள் தயவுசெய்து நிறுத்தத்துக்கே வந்து, மாடி அறை காலியில்லை என்று சொல்லி, அதே பஸ்ஸில் அவளைத் திரும்ப ஏற்றிவிட வேண்டும்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். ஏரிக்கரையில் பெரியவர்களுக்கான கோடை முகாம், ஏழு நாள், ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் மட்டும் என்று உங்கள் தங்கைதான் எங்கிருந்தோ ஒரு தாளைக் கொண்டுவந்தாள். நன்றி சொல்லப் பழகுவது, சக மனிதரோடு மனம் விட்டு நெருங்குவது என்றெல்லாம் அதில் போட்டிருந்தது. நான் நல்ல காற்று கிடைக்கும் என்று நினைத்துத் தலையாட்டினேன். வந்து பார்த்தால் அடுக்குக் கட்டில், கழுத்தில் விசில் மாட்டிய ஒரு பெண், விசில் ஊதினால் எழுந்திருக்க வேண்டும், இன்னொரு தடவை ஊதினால் சாப்பிட வேண்டும், ஆண்களுக்கு ஒரு கொட்டகை, பெண்களுக்கு ஒன்று, செல்போன்களை எல்லாம் பிஸ்கட் டின்னில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். சொந்தப் பெயர் கூடாது என்று தொப்பிக்குள்ளிருந்து ஆளுக்கொரு சீட்டு எடுக்கச் சொன்னதில் எனக்கு ‘புன்னகை’ என்று வந்தது. அதைச் சட்டையில் குத்திக்கொண்டு நான் சும்மா உட்கார்ந்திருக்கலாம். கை சும்மா இருக்கவில்லை. தீயணைப்பான் காலாவதியாகி பதினான்கு மாதம், பின்கதவுத் தாழ்ப்பாள் துருப்பிடித்துவிட்டது, என் தலைக்கு மேலே உள்ள கட்டிலில் இரண்டு ஆணி இல்லை என்று ஒரு மணி நேரத்தில் இருபத்திரண்டு குறைகளை எழுதி விசில் பெண்ணிடம் கொடுத்தேன். அன்று மாலை எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து நன்றிச் சீட்டு வாசிக்கும் நேரம். அவள் என் தாளைத்தான் முதல் நன்றிச் சீட்டு என்று நினைத்துப் பிரித்து, சிரித்த முகத்தோடு உரக்க வாசிக்க ஆரம்பித்துவிட்டாள். ஒன்பதாவது குறை வரை ஏதோ வேடிக்கை என்று நினைத்திருக்கிறாள், பாவம். முப்பது பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். உங்கள் தங்கை மட்டும் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை படகு. கணவன் மனைவி சேர்ந்து துடுப்புப் போட வேண்டும், போட்டுக்கொண்டே பேச வேண்டும். நடு ஏரிக்குப் போனதும் உங்கள் தங்கை துடுப்பை மடியில் வைத்தாள். முகாம் முடிந்ததும் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன், அண்ணனிடம் கேட்டாகிவிட்டது, வா என்று சொல்லிவிட்டார், திரும்பி வருவதாக இப்போதைக்கு எண்ணமில்லை என்று, இருபது வருடம் பல் மருத்துவமனை முன்மேசையில் உட்கார்ந்து நோயாளிகளுக்கு நேரம் குறித்துக் கொடுத்த அதே குரலில் சொன்னாள். நடு ஏரியில் எழுந்து வெளியே போகவும் முடியாது. ஏன் என்று கேட்டேன்.

“முப்பத்துநாலு வருஷமா வீட்ல ஒரு இன்ஸ்பெக்டரோட இருக்கேன். நீங்க கதவைத் திறக்கிற சத்தம் கேட்டாலே, எங்க என்ன தப்பா இருக்குன்னு என் கண்ணு தேட ஆரம்பிச்சிடுது. என்னால முடியலங்க.”

அதற்கு நான் சொன்ன பதிலை எழுதக் கை கூசுகிறது. “லைஃப் ஜாக்கெட்ல கீழ் பக்கிள் மாட்டல” என்றேன். அவள் மாட்டவில்லை என்பது உண்மைதான். ஏரி அந்த இடத்தில் ஆழம், எனக்குப் பயம், வாயில் வந்தது அதுதான். அவள் பக்கிளை மாட்டிக்கொண்டு தான் மட்டும் துடுப்புப் போட ஆரம்பித்தாள். நான் மரத்துப்போய் உட்கார்ந்திருந்தேன், படகு சுற்றிச் சுற்றி வந்து கரை சேர முக்கால் மணி நேரமானது. நாங்கள் மனம் விட்டுப் பேசுகிறோம் என்று நினைத்துக் கரையில் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

மூன்றாம் நாள் வட்டத்தில் என் முறை வந்தது. உங்கள் தங்கை எதிரில் இருக்கிறாள், அவளுக்கு நன்றி சொல்லிவிட்டால் தப்பித்தேன் என்று பகல் முழுக்க ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். எழுந்து நின்றதும் அந்த வாக்கியம் வாய்க்கு வரவில்லை. சாப்பாடு சரியான நேரத்துக்கு வருகிறது, அதற்கு நன்றி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். சமையல்காரர் ஓடிவந்து என் கையைக் குலுக்கினார். என் பக்கத்தையும் நீங்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். விழாத லிஃப்டுக்காக எனக்கு யாரும் நன்றி சொன்னதில்லை. என் தொழிலில் குறை இருந்தால் எழுத வேண்டும், இல்லையென்றால் பேசாமல் அடுத்த கட்டடத்துக்குப் போக வேண்டும். வீட்டிலும் அப்படியே பழகிவிட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை என்றால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், அது அவளுக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று, நாலாம் நாள், இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்கார்ந்து ஐந்து நிமிடம் வாயைத் திறக்காமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கச் சொன்னார்கள். உங்கள் தங்கை அந்தக் கோடியில் யாரோ ஒரு தபால்கார அம்மாவோடு. எனக்கு வாய்த்தவர் பேக்கரி நடத்தி ஓய்ந்தவர், தாட்டியான ஆள். மூன்றாவது நிமிடத்தில் அவருடைய காதோரம் ஒரு மச்சம், ஓரம் கலைந்து நிறம் மாறியிருப்பதைப் பார்த்துவிட்டேன். பார்த்துவிட்டு நான் எங்கே சும்மா இருப்பது? இதை டாக்டரிடம் காட்டினீர்களா, எத்தனை நாளாக இப்படி இருக்கிறது, நாளைக்கே காட்ட வேண்டும் என்று ஆரம்பித்துவிட்டேன். விசில் பறந்தது. சரி, இவரும் என்னை வெறுக்கப்போகிறார் என்று எழுந்தால், மனிதர் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விடவில்லை. மனைவி இறந்து நாலு வருடமாம். “அவ போனதுக்கப்புறம் என் மூஞ்சிய இவ்ளோ நேரம் யாரும் பார்க்கல சார்” என்று சொல்லி அழுதார். எனக்கும் கண் கலங்கியது. தூசி விழுந்தது என்று எழுத மாட்டேன்.

அதே வாய்தானே மச்சான்? அவருக்குக் குறை சொன்னால் கையைப் பிடித்துக்கொள்கிறார், உங்கள் தங்கைக்குச் சொன்னால் பெட்டியைக் கட்டுகிறாள். நேற்றிலிருந்து மண்டையைக் குடைந்ததில் எனக்குப் புலப்பட்டது ஒன்றுதான். அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தேன். உங்கள் தங்கை வைத்த டம்ளரைப் பார்த்திருக்கிறேன், பூட்ட மறந்த ஜன்னலைப் பார்த்திருக்கிறேன், மூடாத டப்பாவைப் பார்த்திருக்கிறேன். அவள் முகத்தைக் கடைசியாக எப்போது நின்று பார்த்தேன் என்று யோசித்தால் தேதி வரவில்லை.

இப்போது நன்றிக் கடிதம் எழுதும் நேரம். சுற்றிலும் எல்லோரும் மூக்கைச் சிந்திக்கொண்டு எழுதுகிறார்கள். நான் ஆறாவது பக்கத்தில் இருப்பதைப் பார்த்து விசில் பெண் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போகிறாள். காரியத்துக்கு வருகிறேன். அறையில் வெள்ளையடிக்கிறார்கள் என்று சொல்லுங்கள், கூரை ஒழுகுகிறது என்று சொல்லுங்கள். பொய் சொல்ல மனம் வராவிட்டால் உண்மையையே சொல்லலாம்: மாடிப்படிக் கைப்பிடி ஆடுகிறது, ஜன்னல் கொக்கி பிடிப்பதில்லை, மின்விசிறி மேலேயிருந்து முனகுகிறது. நீங்கள் புது வீட்டுக்குக் குடிபோன அன்றே பதினேழு குறைகளை எழுதி உங்கள் கையில் கொடுத்தேன். அந்தத் தாளை என் எதிரிலேயே நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசையின் காலுக்கடியில் வைத்தீர்கள். அந்தக் கோபத்தை இப்போது தீர்த்துக்கொள்ள வேண்டாம். அவள் இல்லாத வீட்டுக்குள் நான் தனியாகப் போய் என்ன செய்வேன்? பயமாக இருக்கிறது மச்சான்.

அக்காவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு முத்தம். உங்கள் வீட்டில் எல்லாக் கதவும் எப்போதும் திறந்திருக்கட்டும், மாடி அறைக் கதவு மட்டும் ஒரு மாதம் மூடியிருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பை எதிர்பார்க்கும்
மாப்பிள்ளை

பின்குறிப்பு: வேன் டயர் பஞ்சர், அரை மணி நேரம் தாமதம். சமையலறை வாசலில் உறையோடு நின்றிருந்தேன். துண்டு காயப்போட வந்த உங்கள் தங்கை உறையின் மேல் உங்கள் முகவரியைப் பார்த்துவிட்டு, அண்ணனுக்கு என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டாள். முழங்கால் வலியை விசாரித்தேன் என்று சொல்லியிருக்கலாம். உறையை அவளிடம் கொடுத்துவிட்டேன். சுவரில் சாய்ந்து நின்று ஒரு பக்கம் விடாமல் படித்தாள். அவ்வளவு நேரமும் நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளையடிக்கும் பொய் வந்த இடத்தில் முகம் கடுத்தது. ஒரு இடத்தில் முந்தின பக்கத்துக்குப் போய்த் திரும்பப் படித்தாள். இடது புருவத்தின் மேல் மெல்லியதாக ஒரு தழும்பு இருப்பதைப் பார்த்தேன். இது எப்போது பட்டது என்று கேட்டேன்.

“பதினோரு வருஷமாச்சு. அலமாரிக் கதவு இடிச்சுது. நீங்க அன்னிக்கே கீலை மாத்திட்டீங்க.”

அவ்வளவுதான் சொன்னாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தாள்களை மடித்து, அடுக்கி, உறைக்குள் வைத்து என் கையில் கொடுத்துவிட்டு, நான் போறது போறதுதான் என்றாள்.

ஆகவே மேலே எழுதியது அத்தனையும் ரத்து. மாடி அறை காலியாக இருக்கிறது என்று சொல்லுங்கள். அவள் எத்தனை நாள் இருக்கிறாளோ அத்தனை நாளும் அது அவளுடைய அறை. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் நான் வந்து உன்னைப் பார்த்துவிட்டுப் போகலாமா என்று அவளிடம் கேட்டேன். அது அண்ணன் வீடு, அவரைக் கேளுங்கள் என்றாள். முப்பத்தொரு வருடம் எந்தக் கட்டடத்துக்குள்ளும் நான் யாரையும் கேட்டுக்கொண்டு நுழைந்ததில்லை.

கேட்கிறேன் மச்சான். வரலாமா?