பதினேழாவது ஆட்டமும் பேசாத மூன்று மாதமும்

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம், சதுரங்கப் பலகை உட்பட. தங்கள் நலமும் தங்கள் முழங்காலின் நலமும் அறிய ஆவல்.

நாம் பேசி மூன்று மாதம் ஆகிறது. பல நாட்டு அணிகள் மோதிய அந்தப் பழைய சதுரங்கப் போட்டியின் சிறந்த ஆட்டங்கள் அடங்கிய புத்தகத்தை வைத்துக்கொண்டு, ஞாயிறுதோறும் ஓர் ஆட்டமாக ஆடிப் பார்த்து வந்தோம். பதினேழாவது ஆட்டத்தில் வெள்ளைக் காய் வைத்திருந்தவர் பாதியில் டிரா என்று கைகுலுக்கிவிட்டார். கையில் இருந்த வெற்றியைக் கோட்டைவிட்ட முட்டாள் என்றீர்கள். இரண்டு பக்கமும் சமம் என்றேன் நான். முப்பது வருஷமாகத் தராசு பழுதுபார்க்கிறவனுக்குச் சமம் எது என்று தெரியாதா? பஸ் ஓட்டினவருக்கு என்ன தெரியும் என்று நான் கேட்டிருக்க வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். தாங்களும் என் தராசுகள் எல்லாம் பொய் எடை காட்டும் என்று சொல்லியிருக்க வேண்டாம். போகிற வேகத்தில் என் செருப்பில் ஒன்றையும் உங்கள் செருப்பில் ஒன்றையும் மாட்டிக்கொண்டு போய்விட்டீர்கள். மிச்ச ஜோடியோடு நான் திரிகிறேன்.

சாட்சியைக் கலைக்கக் கூடாது என்று பலகையைச் சாப்பாட்டு மேசையிலேயே விட்டுவைத்தேன். அன்றிலிருந்து நாங்கள் சாப்பிடுவது தையல் மிஷின் மேல். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் மேசைப் பக்கம் கையை நீட்ட, நான் போட்ட சத்தத்தில் அவர் சிலிண்டரை என் கால்மேல் வைத்துவிட்டார். கட்டுப் போட்டிருக்கிறேன், அதை விடுங்க.

விஷயம் இதுதான். வியாழக்கிழமை தங்கள் தங்கைக்குக் கண்புரை ஆபரேஷன். போன வாரம் கொக்கியில் தொங்கிய என் சட்டையிடம் கால்மணி நேரம் பேசிக்கொண்டிருந்தாள். பதில் வராததால் நான்தான் என்று நினைத்தாளாம். அண்ணன் வராமல் ஆபரேஷனுக்குப் போகமாட்டேன் என்கிறாள். பயம், ஆனால் சொல்லமாட்டாள். எனக்கும் பயம்தான் மச்சான், நான் சொல்லிவிடுகிறேன்.

நேற்று அந்தப் புத்தகத்தில், கோபத்தில் நாம் புரட்டாமல் விட்ட அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். கோப்பையை வெல்ல வெள்ளைக் காய்க்காரரின் அணிக்கு, டிராவுக்குக் கிடைக்கும் அரைப் புள்ளிதான் தேவைப்பட்டதாம். கேப்டன் வந்து டிரா போதும் என்றாராம்; இவரும் கையை நீட்டிவிட்டாராம். தங்கள் தங்கைக்கு வாசித்துக் காட்டினேன்.

"அப்ப இந்த வீட்டுக்கு நான்தான் கேப்டன். அரைப் புள்ளி போதும், அண்ணனுக்கு எழுதுங்க" என்றாள்.

எழுதிவிட்டேன். டிரா கேட்கிறேன், மச்சான். வியாழன் காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு என் செருப்போடு வந்துவிடுங்கள்.

தங்கள் வீட்டில் அக்காவுக்கு என் வணக்கம். எல்லோரும் நோய் நொடியின்றி நீடு வாழ்க.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படியாத மாப்பிள்ளை

பி.கு.: பலகையை எடுத்து வைக்குமுன் புத்தகத்துப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். கறுப்புக் குதிரை ஒரு கட்டம் தள்ளி நிற்கிறது! அன்று நாம் டீ குடிக்கப் போன நேரத்தில் தங்கள் தங்கை பலகையைத் துடைத்து, காய்களைத் தடவித் தடவித் திரும்ப வைத்திருக்கிறாள்; ஈரத் துணியோடு அவள் நின்றது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. யாருமே ஆடாத ஆட்டத்துக்குத்தான் மூன்று மாதம் சண்டை போட்டிருக்கிறோம். அவளிடம் மூச்சு விடாதீர்கள். குதிரையைச் சரியான கட்டத்தில் வைத்துப் பார்த்தேன்; எனக்கு இப்போதும் சமம்தான். ஆகவே மேலே கேட்ட டிராவை வாபஸ் வாங்குகிறேன். பலகையோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறேன், தங்கள் மூக்குக்கண்ணாடியை மறக்காதீர்கள். அவள் கண்ணைத் திறக்கும்போது நாம் இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தால்தான் அவளுக்கு நிம்மதி.