ஒருமனதான கறுப்பு

ஒரு சாப்பாட்டுக் கூடத்தின் சுவருக்கு என்ன நிறம் பூசுவது என்பது, அங்கே சோறு வேகிறதா இல்லையா என்பதைவிட முக்கியமான விஷயம். இதை மறுக்க நினைப்பவர்கள் மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தின் எட்டாவது வருஷத்தில் கோலா கிளாவாங் பக்கம் புக்கிட் லாடா தோட்டத்துக்கு வந்திருக்க வேண்டும். வந்திருந்தால் மறுத்திருக்க மாட்டார்கள். மறுப்பதற்கு வாயைத் திறந்தால் புகை உள்ளே போயிருக்கும்.

காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பருக்கைகூடப் போய்ச் சேரக் கூடாது என்று சர்க்கார் முடிவு செய்திருந்தது. ஆகவே தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் அரிசி இருக்கக் கூடாது. நூற்று அறுபது பேருக்கும் ஒரே கூடத்தில் ஆக்கி, அங்கேயே போட்டு, அங்கேயே தின்ன வைத்து, வாயைத் துடைத்து வெளியே அனுப்ப வேண்டும். கூடத்துக்குப் பலகைச் சுவர் நாலு, தகரக் கூரை, ஒரே வாசல். ஜன்னல் கிடையாது. ஜன்னல் இருந்தால் அதன் வழியாகச் சோற்றை எறியலாம் அல்லவா? எறிந்த சோற்றை யார் வந்து பொறுக்குவார்கள் என்று கேட்பது ராஜத்துரோகம்.

கூடத்தின் ஒரு கோடியில் மேசை, பெஞ்சு. மறு கோடியில் அடுப்பு. அடுப்புக்கு முன்னால் ராக்கம்மா. ஈர ரப்பர் விறகை ஊதி ஊதி ஆறே மாதத்தில் அவள் கண் இரண்டும் கோவைப்பழமாகிவிட்டன. ஒருநாள் உப்பென்று நினைத்துச் சீனியை அள்ளி ரசத்தில் கொட்டினாள். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இப்படியே போனா தீபாவளிக்கு மத்தாப்போட சத்தந்தான் உனக்கு, வெளிச்சம் கெடயாது" என்றார்.

ராக்கம்மாவுக்கு வேண்டியது ஒரு ஜன்னல். இரண்டு முழ அகலம் போதும். புகை போனால் கண் பிழைக்கும்.

மனு எழுதத் தோட்டத்து ஆபீஸ் பெரிய கிராணி துரைசிங்கத்திடம் போனாள். யாழ்ப்பாணத்து மனிதர். அவருடைய ஆங்கிலத்துக்கு வெள்ளைக்காரர்களே பயப்படுவார்கள்.

"கிராணியய்யா, ஒரு சன்னல் வேணும்னு எழுதுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

"எடுத்த எடுப்பில ஜன்னல் எண்டு எழுதினால் அது பட்டிக்காட்டுக் கடிதம், பிள்ளை. முதல் பீடிகை, பிறகு வர்ணனை, கடைசியிலதான் கோரிக்கை."

மூன்று தாள் எழுதினார். முழுக்க முழுக்க, புகையால் சுவர்கள் எவ்வளவு பரிதாபமாகக் கறுத்துப்போயின என்ற வர்ணனை. ஜன்னல் மூன்றாம் தாளின் முதுகில் இருந்தது. அரசாங்கத்தில் தாளைத் திருப்பிப் பார்க்கத் தனி உத்தியோகஸ்தர் அப்போது நியமிக்கப்பட்டிருக்கவில்லை.

இரண்டு மாதத்தில் பதில் வந்தது. "பொருள்: சாப்பாட்டுக் கூடச் சுவர்களின் நிறம். தங்கள் கவலையை அரசாங்கம் முழுமையாகப் பகிர்ந்துகொள்கிறது."

பதிலுக்குப் பின்னாலேயே உணவுக் கட்டுப்பாட்டுத் துணை அதிகாரி இராஜமாணிக்கம் வந்தார். பட்டணத்து லோபாக்கில் வீடு. முன்னால் ஒரு ராணுவ லோரி, பின்னால் ஒரு ராணுவ லோரி, நடுவில் காரில் அவர், அவர் மடியில் வர்ண அட்டைப் புத்தகம். செய்தி கேட்டுப் பெரிய துரையின் சம்சாரமும் ஒரு லண்டன் பத்திரிகையோடு இறங்கி வந்தாள்.

துரைசிங்கம் மொழிபெயர்த்தார். "லண்டனில இப்ப சாப்பாட்டறைக்கு இருண்ட நிறந்தானாம் நாகரிகம். வெள்ளை ஆஸ்பத்திரிக்காம்."

"துரைசாணியம்மா சொல்றது ரொம்பச் சரி," என்றார் இராஜமாணிக்கம். "பாதுகாப்புக் கோணத்துலயும் இருட்டு நிறந்தான் சரி. எங்க, சோறு என்ன நிறம்? நீ சொல்லும்மா."

"வேகுறதுக்கு முன்னயா, வெந்த பொறகா ஐயா?" என்றாள் ராக்கம்மா.

"வெள்ளை! வெள்ளைச் செவுத்துல வெள்ளைச் சோத்த அப்பி ஒளிச்சு வச்சா யார் கண்ணுக்குத் தெரியும்? கறுத்த செவுருன்னா ஒரு பருக்கை தப்ப முடியாதுலா!"

சோற்றைச் சுவரில் அப்பி வைக்கிற ஆளை ராக்கம்மா இந்தப் பிறவியில் பார்த்ததில்லை. ஆனால் படித்தவர் சொல்கிறார்.

"அதெல்லாம் சரிங்கய்யா. ஒரு சன்னல்..."

"வரிசையா வருவோம்மா. செவுரு என்ன நிறம்னே முடிவாகல. எந்த நிறச் செவுத்துல வைக்கிறோம்னு தெரியாம எப்படி ஜன்னல் வைக்கிறது?"

வர்ண நிர்ணயக் குழு அங்கேயே, பெஞ்சின்மேல் அமைந்தது. கருஞ்சிவப்பு முதலில் தள்ளுபடியானது. எவ்வளவு கருமையானாலும் அதற்குள் சிவப்பு இருக்கிறது, அதன் அரசியல் சந்தேகத்துக்குரியது. கரும்பச்சை காட்டுக்கு ஆதரவானது என்று துரைசிங்கம் எச்சரித்தார். எஞ்சியவை நாலு: கறுநீலம், காப்பிக்கொட்டை நிறம், மங்குஸ்தான் தோல் நிறம், இடிமேக நிறம். துரைசாணிக்கு நாலும் பிடித்திருந்தது. சுவரும் நாலு. ஆகவே சுவருக்கு ஒன்றாகப் பூசி, ஒரு மாதம் பரீட்சித்துப் பார்ப்பதென்று தீர்மானமாயிற்று.

பூசினார்கள். ராக்கம்மா அடுப்பை மூட்டினாள்.

ஒரு மாதம் கழித்துக் குழு திரும்பி வந்து வாசலில் நின்று வாயைப் பிளந்தது. கறுநீலத்தைக் காணோம். காப்பிக்கொட்டையைக் காணோம். மங்குஸ்தானும் இடிமேகமும் போன இடம் தெரியவில்லை. நாலு சுவரிலும் ஒரே நிறம்: ஆழமான, மினுமினுப்பான, தொட்டால் விரலோடு வருகிற கறுப்பு.

துரைசாணி கையைத் தட்டினாள். பத்திரிகையில்கூட இப்படி ஒரு கறுப்பு இல்லையாம்.

"நாலு வர்ணமும் ஒருமனதா ஒரே முடிவுக்கு வந்திருக்கு," என்று இராஜமாணிக்கம் உணர்ச்சிவசப்பட்டார். "இந்த நாட்டுல வேற எந்தக் கமிட்டியும் இதைச் சாதிச்சதில்ல. இந்த நிறத்துக்கு என்னம்மா பேரு?"

"கரிங்கய்யா."

அறிக்கையில் அது மாவட்டத்தின் பெயரையும் சேர்த்து "ஜெலுபு நள்ளிரவு" என்று பதிவாயிற்று. கூடவே ஓர் உத்தரவும் வந்தது: வெளிச்சமும் காற்றும் மேற்படி வர்ணத்துக்குக் கேடு விளைவிக்குமாதலால், கூடத்தில் எக்காரணம் கொண்டும் ஜன்னல் வைக்கலாகாது. சுவரில் துளையிடுவோர் தண்டிக்கப்படுவர்.

"உன்ர மனுவாலதான் எங்கட தோட்டத்துக்கு இந்தப் பெருமை," என்றார் துரைசிங்கம்.

"பெருமையக் கண்ணால பாக்க முடியலீங்களே ஐயா," என்றாள் ராக்கம்மா, முந்தானையால் கண்ணைப் பொத்திக்கொண்டு.

சனம் சும்மா இருந்ததா? இருந்தால்தான் கதை இங்கேயே முடிந்திருக்குமே! ரப்பர்ப் பால் மரம் சீவும் பஞ்சாலை என்பவள், அக்கம்பக்கத்துத் தோட்டத்து ஆட்களைக் கண்டபோதெல்லாம், "எங்க கூடம் லண்டன் கறுப்பு, தெரியுமா? ஒங்களுது என்ன, சுண்ணாம்பா?" என்று கேட்டுக் கேட்டே பற்ற வைத்தாள். ஆத்தங்கரைத் தோட்டத்துக் கூடம் அவசரகாலத்துக்கு முன்பே கட்டியது: வெள்ளைச் சுவர், ஆறு பெரிய ஜன்னல், ஆற்றுக் காற்று. அவர்களால் தாங்க முடியவில்லை. "நாங்க என்ன எளக்காரமா? எங்களுக்கும் கறுப்பு வேணும்!" என்று அத்தனை பேரும் கைநாட்டு வைத்து மனுக் கொடுத்தார்கள். அரசாங்கம் மக்கள் குரலுக்குச் செவிசாய்த்தது. ஜன்னல் ஆறையும் பெயர்த்துப் பலகை அடித்து மூடினார்கள்.

அந்த வாரம் ஒரு லோரி வந்து, ராக்கம்மாவின் கூடத்து வாசலில் ஆறு ஜன்னல்களை இறக்கியது. சட்டம், கதவு, கீல், கொக்கி எல்லாம் முழுசாக. ராக்கம்மா ஓடிப்போய் ஒன்றைத் தடவிப் பார்த்தாள். நல்ல உறுதியான செங்கால் மரம்.

"ஒண்ணு கேட்டேன், ஆறு குடுத்துட்டானுங்க! எங்க வைக்கப் போறாங்க, கிராணியய்யா?"

துரைசிங்கம் காகிதத்தை எட்டப் பிடித்து வாசித்தார். "அடுப்பிலயாம். விறகுக் கணக்கில அனுப்பியிருக்கினம்."

ஐந்து ஜன்னல்கள் அடுப்புக்குப் போயின. ஆறாவதை எடுத்துக்கொண்டு, சுத்தியலும் ஆணியுமாக ராக்கம்மா பெஞ்சின்மேல் ஏறினாள். முழுச் சுவரின்மேலேயே அதை வைத்து, ஒவ்வொரு அதிகாரியின் பெயரையும் சொல்லி ஓர் ஆணி அடித்தாள்.

"எடி பிள்ளை! துளை போடக் கூடாது எண்டு சட்டம் இருக்கு!"

"தொளை எங்க இருக்கு? சன்னல் மட்டுந்தானே இருக்கு. சட்டத்துல சன்னலுக்குள்ள வெளிய தெரியணும்னு போட்டிருக்கா? வாசிச்சுச் சொல்லுங்க!"

துரைசிங்கம் காகிதத்தை இரண்டு தரம் வாசித்தார். முதன்முறையாக, முதுகுப் பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். அப்படி ஒன்றும் போட்டிருக்கவில்லை.

இராஜமாணிக்கம் சோதனைக்கு வந்தார். அவர் முகம் போகிற போக்கைப் பார்க்க ராக்கம்மா இடுப்பில் கைவைத்துக் காத்திருந்தாள். அவர் கொக்கியைக் கழற்றினார், கதவைத் திறந்தார், உள்ளே இருந்த கறுத்த பலகையை நெடுநேரம் நோக்கினார், கதவைச் சாத்தினார், எழுதினார்: "ஜன்னல் வழங்கப்பட்டது. வர்ணத்துக்குச் சேதமில்லை. சோறு வெளியேற வழியில்லை. இனி எல்லாத் தோட்டங்களிலும் இதுவே மாதிரி."

மறுநாளே சாப்பாட்டு நேரத்தில் ரகளை. ஜன்னலோரப் பெஞ்சு யாருக்கு என்று. பஞ்சாலை நாலு பேரை இடித்துத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள்.

"அடி போடி, அங்க என்னடி இருக்கு?" என்றாள் ராக்கம்மா.

"காத்து வருதுக்கா! நீ அடுப்புகிட்டயே கெடக்க, ஒனக்கு என்ன தெரியும்?"

"பலகைக்குள்ளருந்தா காத்து?"

"தொறந்து வச்சிருக்குல்ல!"

எல்லாரும் தின்று, வாயைத் துடைத்துக்கொண்டு போனார்கள். ராக்கம்மா பானையைக் கவிழ்த்தாள். கண் எரிந்தது. வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தாள், யாரும் இல்லை. மெல்லப் போய் ஜன்னல் முன் நின்று, கதவை இன்னும் கொஞ்சம் அகலத் திறந்து, முகத்தை நீட்டினாள்.

சும்மா சொல்லக் கூடாது, கொஞ்சம் சில்லென்றுதான் இருந்தது.